உப்புக்கு முந்தி எழும்பியது

காத்தான்குடி,
09 ஒக்டோபர் 2023

கம்சாயினிக்கு,

வழக்கமாக ‘அன்புள்ள’ என்று போடுவேன். இந்தக் கடிதத்துக்கு அது கிடையாது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் உன் குரலைக் கேட்டால் என் கோபம் பாதியாகிவிடும். முழுக் கோபத்தையும் நீ பார்க்கவேண்டும் என்பதற்காகவே உட்கார்ந்து எழுதி ஈமெயிலில் அனுப்புகிறேன். நீயும் எழுத்திலேயே பதில் சொல். போன் எடுத்தால் நான் தூக்கமாட்டேன்.

என் ஆய்வேடு முழுவதையும் உனக்கு அனுப்பினேன். மற்ற அத்தியாயங்களின் ஓரத்தில் எல்லாம் ‘நன்று’, ‘மிக நன்று’ என்று எழுதிவிட்டு, நாலாம் அத்தியாயத்தின் தலையில் மட்டும் ஒரே வரி போட்டிருக்கிறாய்: ‘இதை எடுத்துவிடு.’ பந்தல் நல்லம், சாப்பாடு நல்லம், மாப்பிள்ளையை மட்டும் மாற்றிவிடுங்கள் என்று கல்யாண வீட்டில் சொன்ன மாதிரி இருக்கிறது.

நாலாம் அத்தியாயம்தான் என் ஆராய்ச்சி, கம்சா. மற்றதெல்லாம் அங்கே போவதற்குப் போட்ட பாதை. மாரியில் நம் வாவி நிரம்பி முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட்டால், இவ்வளவு நாளும் நல்ல தண்ணீரில் கிடந்த இறாலுக்கு உப்புத் தண்ணீரில் வாழவேண்டி வருகிறது. அப்போது அதன் உடம்பில் எந்த மரபணு எந்த மரபணுவை எழுப்புகிறது, எது எதை அடக்குகிறது என்பதைக் கணினியில் ஒரு வலையமைப்பாகக் கட்டியிருக்கிறேன். இரண்டு மாரி, வெட்டுக்கு முன்னும் பின்னும் பிடித்த இறால்கள். மாதிரிகளில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு விலக்கிவிட்டு ஓட்டினாலும், மற்றப் பாதியை விலக்கிவிட்டு ஓட்டினாலும், வலையின் உச்சியில் வந்து உட்காருவது ஒரே மரபணுதான். இதுவரை யாரும் பெயர்கூட வைக்காத மரபணு. என் பட்டியலில் அதன் இலக்கம் 417. அதை எடுத்துவிடு என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாய்.

மார்ச் முடிவோடு என் பதிவு காலாவதியாகிறது. அதற்குப் பிறகு நீட்டித்துத் தரமாட்டார்கள், ஏற்கனவே இரண்டு தடவை நீட்டியாகிவிட்டது. எங்கள் பேராசிரியருக்கு இறாலைத் தெரியும், கணக்குத் தெரியாது. அதை அவர் மறைப்பதும் இல்லை. “கம்சாயினி சரியெண்டாச் சரி, நான் கையெழுத்து வைக்கிறன்” என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த இரண்டு பேரில் ஒருத்தியின் பட்டம் இப்போது மற்றவளின் ஒரு சொல்லில் நிற்கிறது. நீ யோசித்துத்தான் எழுதினாயா?

உன் அம்மாவைக் கல்லடியில் கண்டேன். சுகமாக இருக்கிறார். உன்னைத் திட்டவேண்டும் என்று வந்தது, அவர் முகத்துக்காக விட்டுவிட்டேன்.

பதிலுக்காக மட்டும் காத்திருக்கும்,
நஸீறா

•

பேர்கன், நோர்வே
15 ஒக்டோபர் 2023

அன்புள்ள நஸீ,

எனக்கு ‘அன்புள்ள’ இல்லாவிட்டாலும் உனக்கு எப்போதும் உண்டு.

யோசித்துத்தான் எழுதினேன். நாலு நாள் யோசித்தேன். உன் அத்தியாயம் அழகாக எழுதப்பட்டிருக்கிறது, கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் எனக்கு எரிச்சல் கூடியது. நீ சொல்வதை உன் சொற்களிலேயே திருப்பிச் சொல்கிறேன், பொறுமையாகக் கேள்.

முகத்துவாரம் வெட்டியாயிற்று, உப்பு வந்துவிட்டது. உடனே எழும்பவேண்டியவை எவை? இறாலின் செவுளில் உப்பைக் கையாளும் மரபணுக்கள். இறால், நண்டு எதை எடுத்தாலும் அப்படித்தான். நானே அதில்தான் பட்டம் வாங்கினேன். ஆனால் உன் இறாலில் அந்த மரபணுக்கள் உப்பு வந்தும் நாலைந்து நாள் அசையாமல் கிடக்கின்றன. எங்கிருந்தோ 417 என்ற ஒன்று மட்டும் முதல் நாளே எழும்பி நிற்கிறது. நெருப்புப் பிடித்த வீட்டில் அடுப்படியில் இருப்பவர்கள் தூங்குகிறார்கள், அடுத்த தெருவில் இருப்பவர் எழும்பி ஓடிவருகிறார் என்றால் யாராவது நம்புவார்களா?

அந்த முதல் நாட்களின் மாதிரிகளில்தான் ஏதோ பழுது. வெள்ளத்தில் பிடிபட்ட இறால் பதறியிருக்கலாம், உறைய வைக்கச் சுணங்கியிருக்கலாம். மொடலுக்கு அது தெரியாது. கொடுத்ததை உண்மை என்று எடுத்துக்கொண்டு, பிழையையே உச்சியில் தூக்கி வைத்துவிடும். இதை வாய்மொழிப் பரீட்சை மண்டபத்தில் ஒரு பரீட்சகர் கேட்டால் நீ என்ன சொல்வாய்? மற்ற அத்தியாயங்களே ஒரு பட்டத்துக்குப் போதும். அவற்றைக் கொடுத்துவிட்டுக் கலாநிதியாகு. 417ஐ அதற்குப் பிறகு ஆறுதலாகப் பார்ப்போம்.

உன்னோடு படித்தவள் என்பதற்காக நான் ‘சரி’ என்று எழுதினால், அந்தச் சரிக்கு என்ன மதிப்பு?

இங்கும் மழைதான். ஆனால் வெட்டிவிட முகத்துவாரம் இல்லை.

என்றும் உன்,
கம்சாயினி

•

காத்தான்குடி,
02 நவம்பர் 2023

கம்சா,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு கிழமை வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்காரர் நிஸ்தார் பயந்துபோய், “என்ன புள்ள, காய்ச்சலா?” என்று கேட்டார். இருபது வருடம் தண்ணீர் பம்ப் திருத்துகிற மனிதர். சத்தம் நின்றால் எங்கோ பழுது என்று அவருக்குத் தெரியும்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு குப்பியையும் எடுத்துப் பார்த்தேன். எதுவும் சுணங்கி உறையவில்லை. முதல் மாரியிலும் 417 முதல் நாளே எழும்பியது, இரண்டாம் மாரியிலும் அப்படித்தான். பதறிய இறால் என்றால் இரண்டு வருடமும் ஒரே மாதிரியா பதறும்? சந்தேகத்துக்காக முதல் நாட்களை நீ சொன்னபடி விலக்கியும் ஓட்டினேன். வலை முழுவதும் கலைந்துபோயிற்று. எந்த மரபணுவும் எந்த மரபணுவோடும் பேசவில்லை. விலக்கவேண்டிய குப்பை அது என்றால், விலக்கிய பிறகு எல்லாம் தெளிவாகியிருக்கவேண்டும் அல்லவா?

ஆனால் நீ கேட்ட கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். உப்பைக் கையாளுகிற மரபணுக்கள் ஏன் தூங்கின? தெரியாது. கறி கிளறும்போதும் இதே யோசனை. மகள் இனாயா பள்ளிக்கூட வீட்டுக்கணக்கைக் கொண்டுவந்து நீட்டினால், “முதலில் எது எழும்பியது?” என்று கேட்கிறேனாம். பிள்ளை என்னைக் கேலி செய்கிறாள்.

அத்தியாயத்தை எடுக்கமாட்டேன். பட்டத்துக்காக அதை மறைத்துவிட்டுப் போய் நின்றால், மண்டபத்தில் என்ன கேட்டாலும் எனக்கு நாக்கு எழும்பாது. நீ ஒன்று மட்டும் சொல். என்ன காட்டினால் ‘சரி’ என்று எழுதுவாய்?

மழை தொடங்கிவிட்டது. எங்கள் வளவின் பின்பக்கத்துப் படிக்கட்டில் வாவி முதற்படிக்கு வந்துவிட்டது.

விட்டுக்கொடுக்காத,
நஸீறா

•

பேர்கன்,
05 நவம்பர் 2023

அன்புள்ள நஸீ,

நல்ல கேள்வி, சின்னப் பதில். நடந்துமுடிந்ததை விளக்கிக் காட்டாதே. எந்த மொடலும் அதைச் செய்யும். இன்னும் நடக்காத ஒன்றை உன் மொடலைச் சொல்லவை. அதை எழுதி முதலில் எனக்கு அனுப்பு, பிறகு தண்ணீரில் கையை வை. சொன்னது நடந்தால் பேராசிரியருக்கு நானே எழுதுவேன். நடக்காவிட்டால் நாலாம் அத்தியாயத்தை நீயே உன் கையால் எடுத்துவிடவேண்டும். சம்மதமா?

முதல் நாட்களை விலக்கினால் வலை கலைகிறது என்று எழுதியிருந்தாய். அந்த வரி என்னையும் குடைகிறது. அதற்காக நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதே.

உன்,
கம்சாயினி

•

காத்தான்குடி,
06 டிசம்பர் 2023

அன்புள்ள கம்சா,

‘அன்புள்ள’ திரும்ப வந்திருப்பதைக் கவனித்தாயா? காரணம் இருக்கிறது. ஒரு இடத்தில் இருந்து வாசி.

போன கிழமை முகத்துவாரத்தை வெட்டினார்கள். மழை விடாமல் அடித்தது. வயல் வட்டைகள் எல்லாம் தண்ணீருக்குள், ஆரையம்பதிப் பக்கம் வீடுகளுக்குள்ளும் ஏறிவிட்டது. மண் அள்ளுகிற பெக்கோ வந்து நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் இனாயா அடம்பிடித்தாள், நாங்கள் மூன்று பேரும் முகத்துவாரத்துப் பாலமீன்மடுவுக்குப் போனோம். கச்சான் கடலை விற்கிறவர்கள் உட்பட ஊரே அங்கேதான் நின்றது. பெக்கோ கடைசி மண்ணை அள்ளியதும் வாவி ஒரு தடவை தயங்கிவிட்டுக் கடலுக்குள் விழுந்தது. நீயும் நானும் பள்ளிக்கூடச் சீருடையோடு பார்த்ததுதான், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்தால் உம்மா வாசலிலேயே நிற்கிறா. “ஆத்துவாய் வெட்டியாச்சு, உப்பு வந்திட்டு. கிணத்தில ரெண்டு குடம் நல்ல தண்ணி அள்ளி வை மகள்” என்றா. எங்கள் வீட்டில் எப்போதும் உள்ள வழக்கம். வெட்டிய அன்று குடங்களை நிரப்பிவிடவேண்டும். உன் வீட்டிலும் அப்படித்தானே? நானும் ஓம் என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்தேன்.

மறுநாள் இறால் பிடிக்கப் பின்பக்கம் இறங்கினேன். மேல்படிவரை ஏறி நின்ற தண்ணீர் இரண்டு படி கீழே போய்விட்டிருந்தது. இழுவையும் நல்ல இழுவை, காலை நிலத்தில் ஊன்ற முடியவில்லை. எல்லாம் முகத்துவாரத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது உப்பு எப்படி உள்ளே வரும்?

குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்தேன். பச்சைத் தண்ணீர், கம்சா. துளி உப்பு இல்லை. நிஸ்தார் படியில் நின்று, “பைத்தியமா புள்ள, வெள்ளத் தண்ணியக் குடிக்கிறா?” என்று கத்தினார். நான் சிரித்துக்கொண்டே இன்னொரு கை அள்ளினேன். பல்கலைக்கழக வளாகத்திலிருந்து உப்புமானியை வாங்கிவந்தும் பார்த்தேன். அதுவும் பூச்சியம் காட்டியது. அடுத்த நாளும் பூச்சியம். வாவி கடல் மட்டத்துக்கு வடிந்து முடிந்த பிறகுதான் கடல் திரும்பி உள்ளே வந்தது. நாலைந்து நாள் ஆயிற்று. உன் ‘தூங்குகிற’ மரபணுக்கள் தூங்கிய அதே நாலைந்து நாள்!

நான் செய்த வேலை என்ன தெரியுமா? உப்புமானி எங்கள் துறைக்கே ஒன்றுதான். வெட்டு நடந்த கிழமைகளில் இரண்டு வருடமும் அது வேறு யாரிடமோ இருந்தது. நான் கவலைப்படவில்லை. வெட்டிவிட்டார்கள் என்றால் உப்பு வந்துவிட்டது, அதில் அளக்க என்ன இருக்கிறது என்று, வெட்டுக்கு முன் பூச்சியம், வெட்டுக்குப் பின் ஒன்று என்று போட்டுவிட்டேன். இந்த வாவிக்கரையில் பிறக்காத எவளாவது இந்தப் பிழையை விடுவாளா? அவள் முதல் நாளே அளந்திருப்பாள்.

ஆகவே உப்பு மரபணுக்கள் தூங்கவில்லை. அவற்றுக்கு எழும்ப ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு. தண்ணீர் இறங்கியது, இழுத்தது. 417 எழும்பியது அதற்குத்தான். உப்பு வரமுன்னமே எழும்பி, நல்ல தண்ணீருக்கான வேலைகளை நிறுத்தச் சொல்லி, உப்புக்கான மரபணுக்களை ஆயத்தப்படுத்துகிறது. நான் அப்படித்தான் வாசிக்கிறேன். நீ எப்படி வாசிக்கிறாய்?

உப்புமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும்,
நஸீறா

•

பேர்கன்,
11 டிசம்பர் 2023

அன்புள்ள நஸீ,

உன் கடிதத்தை பஸ்சில் வாசித்தேன். நாக்கில் வைத்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இங்கே பஸ்சில் யாரும் சிரிப்பதில்லை. முன் சீட்டிலிருந்த பெண் திரும்பிப் பார்த்தா.

சிரித்தது உன்னைப் பார்த்து அல்ல. நான் கல்லடியில் பிறந்தவள். ‘வெட்டு’ என்றிருந்த தரவுக்கு நீ ‘உப்பு’ என்று தலைப்பு வைத்திருந்ததை மூன்று தடவை வாசித்தேன். எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. எங்கள் வீட்டிலும் வெட்டிய அன்று குடம் நிரப்புவோம் அல்லவா? பக்கத்து மேசை நோர்வேக்காரியிடம் நேற்று முகத்துவாரக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவளுடைய முதல் கேள்வி, “வெட்டினால் உப்பு வர எவ்வளவு நாள் எடுக்கும்?” என்பதுதான். நான் ஒரு கோப்பை கோப்பியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

உப்பை ஒன்று, தண்ணீர் இறங்குவதை இன்னொன்று என்று பிரித்துக் கொடுத்து உன் மொடலை இங்கே ஓட்டினேன். இதுவரை ஒட்டாமல் நின்ற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. இவ்வளவு நேர்த்தியான ஒரு வலையை நான் பார்த்து நெடுங்காலம் ஆகிறது.

ஆனால் நஸீ, நம் ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது. கதை நன்றாக இருப்பதால்தான் எனக்குப் பயம். மூன்று தொட்டி வை. ஒன்றில் தண்ணீர் மட்டும் இறங்கட்டும், உப்பு வேண்டாம். இரண்டாவதில் உப்பு மட்டும் ஏறட்டும், தண்ணீர் இறங்கவேண்டாம். மூன்றாவதில் வாவியில் நடப்பது போல இரண்டும். ஒவ்வொன்றிலும் 417 என்ன செய்யும் என்று உன் மொடல் கோடு கீறட்டும். கோடுகள் என் கைக்கு வந்த பிறகு தொட்டியில் இறாலை விடு.

இரண்டாம் தொட்டிதான் உன்னைக் கவிழ்க்கும் தொட்டி. உப்பு ஏறினாலும் 417 அசையாது என்று நீ சொல்லவேண்டியிருக்கும். உலகத்துப் புத்தகங்கள் எல்லாம் உனக்கு எதிராக நிற்கும். தைரியம் இருக்கிறதா?

உன்,
கம்சாயினி

•

காத்தான்குடி,
14 ஜனவரி 2024

அன்புள்ள கம்சா,

தைரியம் இருக்கிறது. கோடுகள் இத்துடன் வருகின்றன. முதல் தொட்டியில் 417 அன்றே எழும்பும், உப்பு வராததால் சில நாளில் திரும்பிப் படுத்துவிடும். இரண்டாம் தொட்டியில் அசையாது. உப்பு மரபணுக்கள் ஆயத்தமில்லாமல், சுணங்கி, அரைகுறையாக எழும்பும். அந்த இறால்கள் கஷ்டப்படும். மூன்றாவதில் வாவியில் நடந்ததே நடக்கும். இதில் எதையும் இனி நான் மாற்றமாட்டேன்.

தண்ணீரை ஒரே சீராக இறக்குவதற்கும் சுற்றி ஓடவைப்பதற்கும் நிஸ்தார் கடையிலிருந்து மூன்று பம்ப் கொண்டுவந்து பூட்டித் தந்தார். முதல் ஒத்திகையில் கரண்ட் போய், எல்லாத் தண்ணீரும் திரும்பிவந்து துறையின் நிலத்தில் நின்றது. பேராசிரியர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, “நஸீறா, எந்தத் தொட்டியில நான் நிக்கிறன்?” என்று கேட்டார். இப்போது மின்பிறப்பாக்கியும் ஒன்று பக்கத்தில் நிற்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது. இது பிழையாகிவிட்டால் மார்ச்சுக்குள் இன்னொன்றுக்கு நேரமில்லை. அத்தியாயத்தை என் கையால் எடுப்பேன். சொன்ன சொல் சொன்னதுதான். ஆனால் அந்தக் கையை அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அளந்த தரவை நான் கோட்டின்மேல் போட்டுப் பார்க்கமாட்டேன். அப்படியே உனக்கு அனுப்புவேன். முதலில் நீ பார்.

துஆ செய், உன் சாமியிடமும் சொல்லிவை.
நஸீறா

•

பேர்கன்,
19 பெப்ரவரி 2024

என் அன்பு நஸீ,

உன் தரவு வந்தது. கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன்.

முதல் தொட்டியைப் போட்டேன். 417 அன்றே எழும்பியது, திரும்பிப் படுத்தது. உன் கோட்டின்மேலேயே போனது. மூன்றாவதைப் போட்டேன். அதுவும் அப்படியே. இரண்டாவதைப் போட எனக்குக் கை வரவில்லை. எழும்பிப் போய்க் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தேன். அது ஆறும்வரை அப்படியே இருந்துவிட்டுப் போட்டேன்.

அசையவில்லை, நஸீ. உப்பு ஏறிக்கொண்டே போகிறது, உன் 417 தட்டையாகக் கிடக்கிறது. நீ கீறிய கோட்டுக்கும் இறால் சொன்னதற்கும் நடுவில் ஒரு மயிரிழைதான் இடைவெளி. நான் கத்திவிட்டேன். நோர்வேக்காரி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். அவளுக்குத் திரையைக் காட்டினேன். “யார் இந்தப் பெண்?” என்று கேட்டாள். என் வாங்குத் தோழி என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்காகச் சந்தோஷப்பட்டு அழுதேன், நான் தோற்றதற்காகவும் சந்தோஷப்பட்டு அழுதேன்.

இந்தத் துறையில் எத்தனையோ மொடல் பார்த்திருக்கிறேன். முந்தி நடந்ததை விளக்காத மொடல் ஒன்றுமில்லை. எல்லோரும் ‘நடக்காது’ என்று நினைத்திருந்ததை முன்கூட்டிச் சொல்லி, அது நடந்தும் காட்டிய ஒன்றை நான் என் கையால் சரிபார்த்தது இதுதான் முதல் தடவை. அதைக் கட்டியவள் காத்தான்குடியில் ஒரு பழைய கணினியை மின்விசிறிக்கு முன்னால் வைத்துக்கொண்டு கட்டியிருக்கிறாள்.

பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். ஒரே வரி: ‘நாலாம் அத்தியாயம் சரி. ஒரு எழுத்தையும் வெட்டவேண்டாம்.’

இனிக் கவலைப்படாமல் சாப்பிடு, தூங்கு, மார்ச்சுக்கு முன் கொண்டுபோய்க் கொடு. ஒரு வேண்டுகோள். அந்த மரபணுவுக்கு ஒரு பெயர் வை. இவ்வளவு செய்ததை இன்னும் இலக்கத்தால் கூப்பிடுவது மரியாதை இல்லை.

பெருமையோடு,
உன் கம்சாயினி

•

காத்தான்குடி,
23 ஜூன் 2024

அன்புள்ள கம்சா,

வாய்மொழிப் பரீட்சை முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ், திருத்தம் ஒன்றும் இல்லாமல் தந்துவிட்டார்கள். இனி நான் கலாநிதி. எழுதிப் பார்க்கிறேன்: கலாநிதி நஸீறா. நன்றாகத்தான் இருக்கிறது.

மண்டபத்தில் வெளியிலிருந்து வந்த பரீட்சகர்கள் இரண்டு பேர். அவர்களில் மூத்தவர் நேரே நாலாம் அத்தியாயத்தைத் திறந்தார். உப்பு வந்தும் உப்பு மரபணுக்கள் ஏன் தூங்குகின்றன என்று கேட்டார். மாதிரிகள் பழுதில்லை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். நடந்ததற்குக் காரணம் சொல்வது சுலபம், நடக்காததைச் சொன்னீர்களா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்குவதே வேலையாகப் போயிற்று. ஒரு கேள்விகூடப் புதிதில்லை. எல்லாவற்றையும் நீ ஒக்டோபரிலும் நவம்பரிலுமே கேட்டுவிட்டாய், அதுவும் இதைவிடக் கடுமையாக. இரண்டாம் தொட்டியின் படத்தைத் திரையில் போட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழும்பிக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு தன் கேள்வித் தாளை மடித்து வைத்தார்.

கடைசியாக மற்றவர் கேட்டார், “இந்த மரபணுவுக்கு ‘கம்சா-1’ எண்டு பேர் வச்சிருக்கிறீங்க. ஆர் அது?” என்று.

“இந்த அத்தியாயத்த வெட்டச் சொன்ன ஆள், சேர்” என்றேன். மண்டபமே சிரித்தது.

கோபிக்காதே. நீதான் பெயர் வைக்கச் சொன்னாய். அந்த மரபணு என்ன செய்கிறது என்று யோசித்துப் பார். எல்லோருக்கும் முதல் எழும்பி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிற வேலையை நிறுத்தச் சொல்கிறது. மற்றவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அது எழும்பாத தொட்டியில் இறால்கள் எப்படித் திணறின என்று நீ தரவில் பார்த்தாய். நீ முதலில் மறித்ததால்தான் நான் மண்டபத்தில் தாங்கினேன், கம்சா. நீ அன்றைக்கே ‘சரி’ என்று எழுதியிருந்தால், நான் அங்கே போய் முதல் கேள்வியிலேயே விழுந்திருப்பேன். உன்னை எனக்கு அவ்வளவு பிடிக்கும். இதை முந்தி ஒரு நாளும் எழுதியதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

நிஸ்தாரும் இனாயாவும் தாழ்வாரத்தில் நின்றார்கள். முடிவைச் சொன்னதும் அவர் என் கோப்புகளை எல்லாம் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். இப்போது கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், பட்டம் எடுத்தது அவருடைய பம்ப் என்று சொல்கிறாராம். உம்மா தெரு முழுக்க மஸ்கட் இனிப்புக் கொடுத்துவிட்டா. கல்லடிக்கு உன் அம்மாவிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் பெயரை இறாலுக்கு வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். “அவளுக்கு நல்ல பொருத்தம் மகள்” என்றார்.

நிறைந்த மனதோடு,
நஸீறா

•

பேர்கன்,
18 ஓகஸ்ட் 2024

பெருமதிப்புக்குரிய கலாநிதி நஸீறா,

என் பெயருள்ள பக்கத்தை அச்செடுத்து மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்களிடம் எல்லாம் நான் இப்போது ஒரு மரபணு என்று சொல்கிறேன். அம்மாவும் போனில் நலம் விசாரிக்காமல் அதைத்தான் முதலில் சொன்னா.

ஒரு செய்தி. நாலாம் அத்தியாயத்தைச் சுருக்கி நீ எழுதிய கட்டுரையை எங்கள் குழுக்கூட்டத்தில் எல்லோரும் வரிவரியாக வாசித்தோம். அன்றிலிருந்து இங்கே ஒரு புது வழக்கம். யாராவது ஒரு வலையமைப்பைக் கட்டிக் கொண்டுவந்தால், “மூன்று தொட்டி எங்கே?” என்று கேட்கிறார்கள். நோர்வே மீனுக்கும் இப்போது உன் சட்டம்தான்.

இரண்டு வருடமாக நான் கட்டிய மொடல் ஒன்று முடிந்துவிட்டது. கட்டுரையை வெளியே அனுப்பலாமா என்று குழுத் தலைவரிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கேள்: “நஸீறா சரி என்றால் சரி.”

ஆகவே கட்டுரை இத்துடன் வருகிறது. உள்ளது உள்ளபடி சொல், தயவு பார்க்காதே. இந்த மாரிக்கு நான் வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. முகத்துவாரம் வெட்டும்போது உப்புமானியைக் கையில் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நிற்பேன்.

பதிலுக்குப் பயத்தோடு காத்திருக்கும்,
கம்சாயினி

•

காத்தான்குடி,
25 ஓகஸ்ட் 2024

கம்சாயினிக்கு,

முழுவதையும் இரண்டு தடவை வாசித்தேன். முதல் பகுதி நன்று. இரண்டாம் பகுதி மிக நன்று.

மூன்றாம் பகுதியை எடுத்துவிடு.

ஏன் என்று கேட்டு எழுது. போன் எடுக்காதே, தூக்கமாட்டேன்.

நஸீறா